பெரிய சைஸ் கெட்டி அட்டை ஃபேன்டஸி காமிக்ஸ்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

மைத்தீற்றல்:

வணக்கம் எல்லாருக்கும். ஃபேன்டஸி காமிக்ஸ் பல வருடங்களாகப் படிக்கிறேன், ஆனால் சேகரிப்பவன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆளில்லை. இருப்பதெல்லாம் மென் அட்டைத் தொகுப்புகள், மீதி டேப்லெட்டில். அதில் ஹெல்பாய், ஸாண்ட்மேன், போன், பெர்செர்க் இந்த நாலும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பவை, முதுகுப் பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து கிடக்கின்றன. இவற்றையாவது பெரிய சைஸ் கெட்டி அட்டையில் வாங்கி வைத்துவிடலாமா என்று ஒரு யோசனை.

தேட ஆரம்பித்ததும்தான் தலை சுற்றியது. ஆம்னிபஸ், அப்சொல்யூட், டீலக்ஸ், லைப்ரரி எடிஷன், ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன் என்று இத்தனை பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு, ஒரு விலை. எல்லா விளம்பரத்திலும் பிரம்மாண்டம் பிரம்மாண்டம் என்றுதான் போட்டிருக்கிறது. சைஸ் பெரிதானால் படம் உண்மையிலேயே நன்றாக இருக்குமா, இல்லை அலமாரியில் அழகாக நிற்பதற்கு நாம் கொடுக்கும் காசா? இவ்வளவு கனத்தைக் கையில் வைத்துப் படிக்க முடியுமா? அப்புறம், சில தொகுதிகள் இப்போது அச்சில் இல்லை என்று சொல்லி மறுவிற்பனையில் இரண்டு மடங்கு மூன்று மடங்கு கேட்கிறார்கள், கொடுத்து வாங்குவதா காத்திருப்பதா?

எல்லாவற்றையும் வாங்க வசதி இல்லை. வாங்கினால் கட்டாயம் படிப்பேன், அதனால் படிக்கிறவர்கள் பதில் சொன்னால் நல்லது.

---

ஏழுகடல்:

விலை விஷயத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் சைஸ். பெரிய சைஸ் என்று யார் சொன்னாலும் "எதைவிடப் பெரியது?" என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அமெரிக்க காமிக்ஸ் இதழின் அளவு சுமார் 6.6 × 10.2 அங்குலம். மார்வெல், டிசி என்ற இரண்டு பதிப்பாளர்களும் போடும் ஆம்னிபஸ் ஏறக்குறைய 7.25 × 11. ஆக அகலத்தில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், உயரத்தில் முக்கால் அங்குலம், அவ்வளவுதான் கூடுதல். பழைய இதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசமே கண்ணுக்குப் படும். ஆம்னிபஸ்ஸில் நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாகத் தடிமனுக்கு, முப்பது நாற்பது இதழ்கள் ஒரே அட்டைக்குள் கிடைக்கிறது என்பதற்கு. உண்மையிலேயே பெரிது என்று சொல்லக்கூடியவை டிசியின் அப்சொல்யூட் (8.25 × 12.5) மற்றும் டார்க் ஹார்ஸ் பதிப்பகத்தின் லைப்ரரி எடிஷன் (9 × 12 வாக்கில்). பக்கம் நீளத்திலும் அகலத்திலும் கிட்டத்தட்டக் கால் பங்கு வளர்ந்துவிடுகிறது, புரட்டின உடனே தெரியும். இன்னொன்று, ஆம்னிபஸ் என்று போட்டிருந்தாலே கெட்டி அட்டை என்று நினைத்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். டார்க் ஹார்ஸ் அந்தப் பெயரில் போடுபவை பெரும்பாலும் மென் அட்டை. ஹெல்பாய்க்கே 2018இல் அப்படி ஒரு மென் அட்டை வரிசை வந்தது.

பெரிதாக்கினால் கோடு பிசிறாதா என்று சிலர் கேட்பார்கள். 1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க ஓவியர்கள் வழக்கமாக 11 × 17 அங்குல அட்டையில், 10 × 15 பரப்புக்குள் வரைகிறார்கள். அப்சொல்யூட்கூட அதைவிடச் சின்னதுதான். நாம் காலமெல்லாம் பார்த்துவந்தது சுருக்கப்பட்ட படம். எனவே மூலப் படத்திலிருந்தோ நல்ல ஃபிலிமிலிருந்தோ எடுத்திருந்தால் பெரிய சைஸ் படத்துக்கு ஒரு கெடுதலும் செய்யாது. மூலம் தொலைந்துபோய், பழைய அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து ஊதிப் பெரிதாக்கினால்தான் வம்பு, கோடெல்லாம் தடித்து ஓரம் கரைந்து நிற்கும். வாங்கும் முன் உட்பக்கங்களின் படம் எங்காவது கிடைத்தால் மெல்லிய கோடுகள் இருக்கும் இடத்தைத்தான் பாருங்கள், முடி, மரக்கிளை, சங்கிலி வளையம் மாதிரி.

உங்கள் நாலு கதைகளுக்கு வருகிறேன்.

ஹெல்பாய்: யோசிக்காமல் லைப்ரரி எடிஷன். முதல் தொகுதி 2008இல் வந்தது, முதல் இரண்டு பெரிய கதைகளும் அதில் உண்டு. மைக் மிக்னோலா பாதிப் பக்கத்தைக் கறுப்பால் நிரப்பிவிட்டு நடுவில் ஒரு சின்னக் கட்டம் போடுவார், அதில் ஒரு சிலையின் முகமோ மண்டையோடோ தவளையோ மட்டும் இருக்கும், யாரும் பேசமாட்டார்கள். மென் அட்டையில் அந்தக் கட்டம் ஏறக்குறைய தபால்தலை அளவு, கண் அதைத் தாண்டிப் போய்விடும். பெரிய பக்கத்தில் அது உங்களை நிறுத்தி வைக்கும். அந்தக் கதைகளின் பயமே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பெர்செர்க்: இது மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், இங்கே கணக்கு தலைகீழ். ஜப்பானில் மங்கா ஓவியர்கள் வரைவது பெரிய பி4 தாளில், வார, மாதப் பத்திரிகைகளில் வருவது பி5 அளவில், அதாவது சுமார் 7 × 10 அங்குலம். அதற்குப் பிறகுதான் கையடக்கத் தொகுதியாகச் சுருக்குகிறார்கள். டார்க் ஹார்ஸ் 2019இல் தொடங்கிய டீலக்ஸ் வரிசை அதே 7 × 10தான். பெயர்தான் டீலக்ஸ், உண்மையில் அது பத்திரிகையில் வந்த அளவுக்குத் திரும்பி வருவது. கென்டாரோ மியுரா ஒரு கவசத்தின் ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாக நிழல் கோடு போட்டவர், கையடக்கத் தொகுதியில் அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறமாகிவிடுகின்றன. மூன்று தொகுதிகள் ஒரே புத்தகத்தில், ஏறக்குறைய 700 பக்கம். வாங்குங்கள்.

ஸாண்ட்மேனில் ஓவியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் படத்துக்காகப் பெரிய சைஸ் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். எழுத்துக்காகச் சொல்வேன். நாயகன் பேசுவது முழுக்கக் கறுப்பு பலூனில் (பேச்சுக் குமிழில்) வெள்ளை எழுத்து. சின்ன சைஸில், அதுவும் சுமாரான தாளில், மை இழுத்துக்கொண்டு எழுத்து அடைபடும். அப்சொல்யூட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. போன் பற்றி எனக்கு அவ்வளவு உறுதியில்லை, மற்றவர்கள் சொல்லட்டும்.

---

படுக்கையோரம்:

ஏழுகடல் அண்ணா சொல்வதில் தப்பில்லை, ஆனால் அவர் மேசை முன்னால் உட்கார்ந்து படிக்கிறவர். நான் படுத்துக்கொண்டு படிக்கிறவன். மூன்று கிலோ புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் ஓடும் என்று நினைக்கிறீர்கள்? கை மரத்துப்போகும், அல்லது புத்தகம் மூக்கில் விழும். என்னிடம் இருந்த ஆம்னிபஸ்கள் சிலவற்றை விற்றுவிட்டு மறுபடியும் மென் அட்டைக்கே போய்விட்டேன், அதில் ஒரு வருத்தமும் இல்லை.

போன் பற்றி நான் சொல்கிறேன். ஜெஃப் ஸ்மித் 1991இல் தொடங்கி 2004இல் 55ஆவது இதழோடு முடித்தார், அதே 2004இல் மொத்தக் கதையும் 1300க்கு மேற்பட்ட பக்கங்களோடு ஒரே மென் அட்டைப் புத்தகமாக வந்தது, கறுப்பு வெள்ளையில். செங்கல் மாதிரி இருக்கும், ஆனாலும் எடுத்தால் கீழே வைக்க மாட்டீர்கள். கதையின் ஓட்டம் அப்படி. ஒரு கட்டத்தில் ஒருவன் உளறுவான், அடுத்த கட்டத்தில் எதிரில் இருப்பவர் சும்மா முறைப்பார், அதற்கடுத்த கட்டத்தில் எல்லாரும் ஓடுவார்கள். கண் சட்சட்டென்று தாண்டிப் போக வேண்டிய பக்கம் அது. பெரிதாக்கினால் கட்டத்துக்குக் கட்டம் தூரம் கூடுகிறதே தவிர சிரிப்பு கூடுவதில்லை. மூன்று பேர் பேசிக்கொண்டே நடக்கிற கதைக்கெல்லாம் பன்னிரண்டு அங்குலப் பக்கம் எதற்கு?

சாகா என்ற காமிக்ஸ் தொடருக்கும் இதே பேச்சுதான். பியோனா ஸ்டேபிள்ஸ் டிஜிட்டலில் வரைபவர், ஆட்களுக்குத் தெளிவான கோடு, பின்னணிக்குக் கோடே இல்லாத மென்மையான வண்ணம். அழகான முறைதான், ஆனால் 18 இதழ்கள் சேர்ந்த அந்த 2014 கெட்டி அட்டைத் தொகுதியைப் புரட்டியபோது சாதாரணத் தொகுப்பில் பார்க்காத எதையும் நான் அதில் பார்க்கவில்லை.

சுருக்கமாகக் கேட்டால், உங்களுக்குப் பிடித்த கதை எல்லாவற்றையும் பெரிதாக வாங்காதீர்கள். எந்தப் பக்கத்தில் நீங்களே நின்று பார்க்கிறீர்களோ அந்தக் கதையை மட்டும் வாங்குங்கள்.

---

நீலப்பென்சில்:

எல்லாரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள், கலரையும் தாளையும் யாரும் தொடவில்லையே.

பழைய காமிக்ஸ் நியூஸ்பிரிண்ட் தாளுக்காகக் கலர் போடப்பட்டவை. அந்தத் தாள் மையை உறிஞ்சி, கொஞ்சம் பழுப்பாகவும் இருப்பதால், அடிக்கிற சிவப்பும் மஞ்சளும் அதில் இறங்கி அடங்கித் தெரியும். அதே கலரை அப்படியே தூக்கிப் பளபளக்கும் ஆர்ட் பேப்பரில், அதுவும் பெரிய சைஸில் அச்சடித்தால் கண் கூசும். இதற்குப் பதிப்பாளர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, பளபளப்பில்லாத தாளில் அச்சடிப்பது. இன்னொன்று, கலரையே புதிதாகப் போடுவது. ஸாண்ட்மேன் அப்சொல்யூட் முதல் தொகுதி 2006இல் வந்தபோது முதல் 18 இதழ்களுக்குக் கலர் மறுபடி போட்டார்கள். பழைய கலரில் சில பக்கங்கள் ஊதாவும் பச்சையுமாகப் பயங்கரமாக இருக்கும், அது இப்போது சீராகிவிட்டது. ஆனால் அந்தக் கோளாறான கலரோடு வளர்ந்தவர்களுக்குப் புதியது ரொம்பச் சுத்தமாக, கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. மைத்தீற்றல், உங்கள் மென் அட்டை எந்தக் கலரில் இருக்கிறது என்று ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள், பின்னால் வந்த மென் அட்டைகளிலும் புதுக் கலர்தான். அப்படியானால் அப்சொல்யூட்டில் கிடைப்பது அளவும் தாளும் பின்னிணைப்புகளும் மட்டுமே.

கறுப்பு வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேறு ஒன்று உண்டு. கோனன் பிடிக்குமா? 1974இல் மார்வெல் தொடங்கிய சாவேஜ் சோர்ட் ஆஃப் கோனன் காமிக்ஸ் இதழாக வரவில்லை, கறுப்பு வெள்ளைப் பத்திரிகையாக வந்தது, அதன் அகலமே 8 அங்குலத்துக்கு மேல். ஜான் புஸ்கேமா பென்சிலில் போட்டதற்கு அல்ஃபிரெடோ அல்கலா மை போட்ட கதைகளைப் பாருங்கள், ஒரு கல்சுவரில் கல்லுக்குக் கல் வேறு வேறு திசையில் கோடு ஓடும், பழைய மரச்செதுக்குப் படம்போல. அதை வழக்கமான ஆம்னிபஸ் அகலத்துக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பெயரில் பிரம்மாண்டம், பக்கம் மட்டும் பழைய பத்திரிகையைவிடச் சின்னது. ஏழுகடல் கேட்கச் சொன்ன "எதைவிடப் பெரியது" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்தது என் பலவீனம், ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன். ஐடிடபிள்யூ நிறுவனம் 2010இல் தொடங்கி வைத்தது. ஓவியர் வரைந்த ஒரிஜினல் அட்டையைக் கலரில் ஸ்கேன் செய்து அதே அளவில் அச்சிடுவார்கள், சாதாரணமாக 12 × 17 அங்குலம். பார்ப்பதற்குக் கறுப்பு வெள்ளைதான், ஆனால் கலரில் ஸ்கேன் செய்ததால் எல்லாம் தெரியும். அழிக்காமல் விட்ட நீலப் பென்சில் கோடு, வெள்ளை மை பூசித் திருத்திய மூக்கு, வெட்டி ஒட்டிய எழுத்துத் துண்டின் ஓரத்தில் பழுப்பேறிய பசை, பக்கத்தின் விளிம்பில் ஓவியர் தனக்கே எழுதிக்கொண்ட குறிப்பு. போனுக்கும் அப்படி ஒன்று உண்டு, பசுப் பந்தயக் கதை, 2012இல் வந்தது. படுக்கையோரம் சொன்ன மாதிரி போனைப் பெரிதாக்குவதில் அர்த்தமில்லை என்பதை நான் இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜெஃப் ஸ்மித் தூரிகையால் மை போடுகிறவர், ஒரு கோடு மெல்லியதாகத் தொடங்கி நடுவில் பருத்து மறுபடி ஊசிமுனையாக முடிவதை அந்த அளவில்தான் பார்க்க முடியும். ஆனால் இதைக் கதை படிக்க வாங்காதீர்கள், வரையத் தெரிந்தவர்களுக்கும் வரைவதைப் பார்ப்பதில் பைத்தியம் பிடித்தவர்களுக்கும் உள்ள சமாசாரம் அது.

---

வைக்கிங் வாசகன்:

ஐரோப்பிய ஆல்பங்களையும் மறந்துவிடாதீர்கள். தோர்கல் மாதிரித் தொடர்கள் (1977இலிருந்து, வான் ஹாம் கதை, ரோசின்ஸ்கி ஓவியம்) வரையப்படுவதே பெரிய சைஸ் பக்கத்துக்குத்தான், நாற்பத்தெட்டுப் பக்க ஆல்பம் என்பது அவர்களுக்குச் சாதாரணப் புத்தகம். ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டம் சர்வசாதாரணமாக வைப்பார்கள், அந்தப் பக்க அளவை நம்பித்தான் அப்படி வைக்கிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் பல சமயம் அமெரிக்க சைஸுக்குச் சுருக்கிவிடுகிறார்கள், பலூனைப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும். வாங்கும் முன் சென்டிமீட்டர் பார்த்து வாங்குங்கள். மொழி தெரியாவிட்டாலும் பிரெஞ்சு ஆல்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் டேப்லெட்டில் ஆங்கிலம் படிக்கிறவர்களில் நானும் ஒருவன், சிரிக்காதீர்கள்.

---

மைத்தீற்றல்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. என் ஸாண்ட்மேன் மென் அட்டையைப் பார்த்தேன், புதுக் கலர்தான், அதனால் அது அவசரமில்லை என்று ஒதுக்கிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். இவ்வளவு தடிமனான புத்தகத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து வரும் படங்கள் நடுமடிப்பில் புதைந்துவிடாதா? அப்புறம் பைண்டிங் எத்தனை நாள் தாங்கும், ஈரக்காற்றுக்கு என்ன செய்வது?

---

பதினாறுபக்கம்:

அச்சக வேலையில் இருக்கிறேன், இது என் பேட்டை.

புத்தகத்தை மூடி வைத்து முதுகின் மேல்நுனியைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக மடிந்து நிற்பது தெரிந்தால் அது ஃபாரம் ஃபாரமாக மடித்துத் தைத்த புத்தகம், அந்தக் கட்டு ஒவ்வொன்றும் ஒரு ஃபாரம். ஒரே சீராக வெட்டிய தாள் விளிம்பும் பசையும் மட்டும் தெரிந்தால் அது வெறும் பசை பைண்டிங். பெரிய சைஸ், கனமான ஆர்ட் பேப்பர், ஆயிரம் பக்கம் என்ற மூன்றும் சேர்கிற இடத்தில் வெறும் பசையை நம்பக் கூடாது, தாளின் கனமே அதைக் கிழித்துவிடும். ஆனால் தையல் இருந்தால் போதும் என்றும் இல்லை. முதுகில் பசையை அள்ளிப் பூசி இறுக்கிவிட்டால் தைத்த புத்தகம்கூட விரியாது. திறந்து வைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தாள்களின் முதுகுக்கும் அட்டை முதுகுக்கும் நடுவே ஒரு கண் மாதிரி இடைவெளி விழ வேண்டும். அது விழுந்தால் பக்கம் தட்டையாகப் படியும், இரட்டைப் பக்கப் படமும் பிழைக்கும். எவ்வளவு நல்ல பைண்டிங்காக இருந்தாலும் முதல் சில பக்கங்களும் கடைசிச் சில பக்கங்களும் முழுதாகப் படியாது, அது எல்லாத் தடிப் புத்தகத்துக்கும் உள்ளதுதான். நடுப்பகுதியில் மடிப்பு முகத்தை விழுங்குகிறதா என்று பாருங்கள்.

புதுப் புத்தகத்தை எடுத்த எடுப்பில் நடுவில் பிளந்து விரிக்காதீர்கள். முதுகை மேசையில் ஊன்றி நிறுத்துங்கள், முன் அட்டையைக் கீழே இறக்குங்கள், அப்புறம் பின் அட்டையை. பிறகு முன்னாலிருந்து கொஞ்சம் தாள், பின்னாலிருந்து கொஞ்சம் தாள் என்று மாற்றி மாற்றி இறக்கி விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். பத்து நிமிட வேலை. பசை ஒரே இடத்தில் உடையாமல் முதுகு முழுக்கச் சமமாக இளகும்.

அப்போதே பக்கங்களையும் சரிபாருங்கள். ஒரு ஃபாரம் இரண்டு முறை வந்து அடுத்த ஃபாரம் விட்டுப்போவது எங்கள் தொழிலில் நடக்கிற தப்புதான். எனக்கே ஓர் ஆம்னிபஸ்ஸில் நடந்தது, பதினாறு பக்கம் திரும்ப வந்து, சண்டை முடிவதற்குள் ஆட்கள் வேறு ஊரில் இருந்தார்கள். மாற்றிக் கேட்டால் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர்கள் கை விரித்துவிட்டார்கள், புத்தகமே அவர்கள் தாமதமாக அனுப்பியது. எனவே வந்த அன்றே புரட்டுங்கள்.

வைக்கும் முறை: நிறுத்தி வையுங்கள், சாய்த்து வைக்காதீர்கள். சாய்ந்தால் அட்டை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம் என்று கோணும். கனமான புத்தகத்தை நிறுத்தும்போது உள்தாள் மொத்தமும் அட்டையிலிருந்து தொங்குகிறது, கெட்டி அட்டை தாளைவிடக் கொஞ்சம் பெரிது என்பதால் கீழ்விளிம்பில் இடைவெளி இருக்கிறதல்லவா, அந்த இடைவெளிதான் காரணம். வருடக்கணக்கில் அப்படித் தொங்கினால் மேல்நுனியில் பிய்யும். ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன் மாதிரி ராட்சசர்களைப் படுக்க வையுங்கள், ஒன்றின்மேல் இரண்டுக்கு மேல் வேண்டாம். அப்சொல்யூட் உயரமே 12.5 அங்குலம், உறைப்பெட்டியோடு இன்னும் கொஞ்சம் கூடும், தட்டுக்கு இடையில் 14 அங்குலமாவது விட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் பலகையில் நீளத் தட்டு போட்டு ஆம்னிபஸ்களை அடுக்கினால் நடுவில் தொய்ந்துவிடும், குறுகிய தட்டாகப் போடுங்கள் அல்லது நடுவே முட்டு கொடுங்கள்.

ஈரத்துக்கு: வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், பின்னால் கை நுழையும் இடைவெளி வேண்டும். காற்றின் ஈரம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தாளுக்கு நல்லது, ஏறி ஏறி இறங்குவதுதான் அட்டையை வளைக்கிறது. ஆர்ட் பேப்பர் ஒரு தடவை நனைந்துவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரியும், அதைக் காப்பாற்ற முடியாது. மேலுறைக்குப் பிளாஸ்டிக் போடுவதானால் பாலியெஸ்டர் உறை போடுங்கள், மலிவான பிவிசி நாளானால் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். வெயில் முதுகில் படவே கூடாது, முதலில் போவது சிவப்பும் மஞ்சளும்.

---

பிரிக்காதவன்:

கண்ணாடித்தாள் உறையைப் பிரிக்காமல் வைத்தால் இந்த எந்தத் தொல்லையும் இல்லை. விலையும் நிற்கும்.

---

பதினாறுபக்கம்:

தொல்லை இல்லை என்று யார் சொன்னது? இறுக்கமான உறை நாளாக ஆக இன்னும் இறுகி அட்டையை வளைக்கும், உள்ளே ஈரம் மாட்டினால் வெளியே போக வழியில்லை. உள்ளே ஃபாரம் மாறியிருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

---

படுக்கையோரம்:

பிரிக்காதவன் தம்பி, உள்ளே என்ன கதை என்றாவது தெரியுமா?

---

ஏழுகடல்:

சரி, சண்டை வேண்டாம். பாக்கி வைத்த விலை விஷயம்.

இந்தப் பெரிய பதிப்புகளைப் பெரும்பாலும் முன்பதிவைப் பார்த்து ஒரே தடவை அச்சடிப்பார்கள். தீர்ந்துவிட்டால் மறுவிற்பனையில் விலை ஏறும், ஏறுவதைப் பார்த்து நாம் பதறுவோம், நாம் பதறுவதைப் பார்த்து இன்னும் ஏறும். பிறகு ஒருநாள் மறுபதிப்பு அறிவிப்பு வரும், அன்றே விலை பொத்தென்று விழும். மூன்று மடங்கு கொடுத்து வாங்கியவர் அன்றைக்கு இந்தப் பக்கமே வரமாட்டார். எனவே தொடர்ந்து விற்கிற தலைப்பாக இருந்தால் காத்திருங்கள். ஹெல்பாய், பெர்செர்க், ஸாண்ட்மேன் எல்லாம் பதிப்பாளருக்கே பிழைப்பு, மறுபடி அடிக்காமல் இருக்க மாட்டார்கள்.

உரிமம் கைமாறும் தலைப்புகளில்தான் கவனம் வேண்டும். கோனனையே எடுங்கள். 1970இல் மார்வெலில் தொடங்கியது, 2003இல் டார்க் ஹார்ஸுக்குப் போனது, 2019இல் மறுபடி மார்வெல், 2023இலிருந்து டைட்டன். உரிமம் போன அன்றே பழைய பதிப்பாளர் கையில் இருப்பதை விற்றுத் தீர்க்கலாமே தவிர மறுபடி அடிக்க முடியாது. புதிதாக வந்தவர் அதே கதைகளைப் போடலாம், டைட்டன் போடவும் செய்கிறது, ஆனால் அட்டை, முதுகு வடிவமைப்பு எல்லாம் வேறு. நாலு தொகுதி ஒரு மாதிரியும் ஐந்தாவது இன்னொரு மாதிரியும் நின்றால் தூக்கம் வராத ஆளாக இருந்தால் இப்படிப்பட்ட வரிசையில் காலை வைக்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வியாதி இல்லை, என் அலமாரியில் மூன்று பதிப்பாளர்களின் கோனன் தோளோடு தோள் உரசி நிற்கிறான்.

நடுத்தொகுதி கிடைக்காமல் போவது இன்னொரு தலைவலி. ஒன்று, இரண்டு, நாலு கிடைக்கும், மூன்றாவது எங்கேயும் இருக்காது. புது வரிசை தொடங்கும்போது முதல் தொகுதியோடு நிற்காமல், மற்ற தொகுதிகள் இன்னும் அச்சில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

---

நீலப்பென்சில்:

ஒரு சேர்க்கை. பிரின்ஸ் வேலியண்ட் யாரும் சொல்லவில்லை. ஹால் ஃபாஸ்டர் 1937இல் ஞாயிறு நாளிதழில் முழுப் பக்கமாகத் தொடங்கியது. ஃபான்டாகிராஃபிக்ஸ் 2009இலிருந்து கெட்டி அட்டைத் தொகுதிகளாகப் போட்டது, தொகுதிக்கு இரண்டு வருடக் கதை. 14 அங்குல உயரம், அதுவே நாளிதழ் பக்கத்தைவிடச் சின்னது. பலூன் கிடையாது, கதை முழுக்கப் படத்துக்கடியில் எழுத்தாக ஓடும். கோட்டை மதிலில் ஏறும் ஐம்பது பேரில் ஒவ்வொருவனுக்கும் தனி முகம் இருக்கும். பெரிய சைஸ் என்றால் என்ன என்று ஒருவருக்குக் காட்ட வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். மெல்லிய தொகுதி, படுக்கையோரம்கூடத் தூக்கலாம்.

---

மைத்தீற்றல்:

முடிவு செய்துவிட்டேன். ஹெல்பாய் லைப்ரரி முதல் தொகுதி, பெர்செர்க் டீலக்ஸ் முதல் தொகுதி. இரண்டிலும் அடுத்த தொகுதிகள் கிடைக்கின்றனவா என்று பார்த்துவிட்டேன், கிடைக்கின்றன. போன் மென் அட்டையிலேயே இருக்கட்டும். பிரின்ஸ் வேலியண்ட் பக்கங்களை இப்போதுதான் தேடிப் பார்த்தேன், நீலப்பென்சில், நீங்கள் செய்தது நியாயமே இல்லை.

ஒரே ஒரு கேள்வி. பெர்செர்க் தோல் மாதிரியான அட்டை என்கிறார்கள், மேலுறை இல்லை. அதற்கும் பாலியெஸ்டர் உறை போட வேண்டுமா?

---

பதினாறுபக்கம்:

வேண்டாம். அது செயற்கைத் தோல், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பக்கத்துப் புத்தகத்தோடு இறுக்கி அடுக்காமல் விரல் நுழைய இடம் விடுங்கள், இழுக்கும்போது முதுகின் மேல்நுனியைப் பிடிக்காமல் இரண்டு பக்கமும் நடுவில் பிடித்து இழுங்கள். அப்புறம் அது வலமிருந்து இடமாகப் படிப்பது, பக்கம் சரிபார்க்கும்போதும் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஃபாரம் மாறிவிட்டது என்று இங்கே வந்து புகார் எழுதுவீர்கள்.